வரைந்த படத்தை நாலு பேருக்குக் காட்டுவது எப்படி

புதிதாக வரைபவர் தன் படத்தைக் காட்டும்போது பெரும்பாலும் கண்ணில் படுவது இதுதான்: வெள்ளைத் தாள் சாம்பல் பூத்திருக்கும், ஒரு மூலையில் போனின் நிழல் விழுந்திருக்கும், தாளின் மேல்பக்கம் குறுகிக் கீழ்ப்பக்கம் அகன்றிருக்கும். அழுத்தி ஷேடிங் செய்த இடமெல்லாம் பளபளத்து வெளுத்துக் கிடக்கும். பார்த்தவர்கள் "டல்லா இருக்கே", "முகம் கோணலா இருக்கே" என்பார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அந்தக் குறை கேமராவுடையது. வரைந்தவரோ அன்று ராத்திரி, நேராக இருக்கும் முகத்தை அழித்துத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார்.

அதனால் பிறர் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு முன்னால், படம் உள்ளது உள்ளபடி அவர்கள் கண்ணுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எந்தப் படத்தைக் காட்டுவது

முடித்த கையோடு காட்டாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கோணல் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். மறுநாள் காலையில் அதே கோணல் தானாக உறுத்தும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் படத்தைக் கண்ணாடி முன் பிடியுங்கள், அல்லது போனில் எடுத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கண் மேலேறியிருப்பது, தாடை ஒரு பக்கம் இழுத்திருப்பது எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் எது முன்னால், எது பின்னால் என்று புரிந்தால் ஒளிநிழல் சரி. எல்லாம் ஒரே சாம்பலாகக் கலங்கித் தெரிந்தால் இருட்டு போதவில்லை. புதியவர்களின் பென்சில் படங்களில் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான். எச்பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் ஆழ்ந்த கருப்பு வராது, தாள்தான் பள்ளமாகும். 4பி, 6பி போன்ற மென்மையான, கருமை கூடிய பென்சில் வேண்டும்.

இப்படி நீங்களே பிடித்துவிடக்கூடிய குறையை அடுத்தவர் வாயால் கேட்பது வீண். உங்களால் பிடிக்க முடியாததற்கு அவர்கள் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் படம் இருந்தால் மூன்றைக் காட்டுங்கள். பத்தையும் கொட்டினால் மோசமான இரண்டுதான் நினைவில் நிற்கும். பயிற்சிப் படத்தைக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் "கைகளுக்கான பயிற்சி, ஒவ்வொன்றும் 2 நிமிடம்" என்று சொல்லிக் காட்டுங்கள். சொல்லாவிட்டால் முடிந்த படத்துக்கான அளவுகோலை எடுத்து அதன்மேல் வைப்பார்கள்.

தாளிலிருந்து திரைக்கு

முதலில் லென்ஸைத் துடையுங்கள். கையிலும் பையிலும் கிடந்த போனில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். படம் முழுக்கப் பனிமூட்டமாக வருவதற்கு அது ஒன்றே போதும்.

ஜன்னலோரம், நேர்வெயில் படாத இடம், மேகம் மூடிய பகல் நேரம் என்றால் இன்னும் நல்லது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலம் சார்ந்தது, பல்பு வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சள் சார்ந்தது. இரண்டும் கலந்தால் தாளின் ஒரு பக்கம் நீலம் தட்டும், மறுபக்கம் மஞ்சள் தட்டும். பிறகு எந்த ஆப்பில் போட்டாலும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தாள் கொஞ்சம் இருண்டிருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள், வெளிச்சம் பட்டுத் திரும்பி விழும். இரவில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், ஒரே மாதிரி பல்பு போட்ட இரண்டு மேசை விளக்குகள் வேண்டும். தாளுக்கு இடமும் வலமும் ஒரே தூரத்தில், 45 டிகிரிச் சாய்வில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பென்சில் படத்துக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. கிராஃபைட் பளபளக்கும் பொருள். அழுத்திப் பூசிய இடம் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதால், தாளில் மிகக் கருத்த இடம் புகைப்படத்தில் வெளுத்துப்போகும். தலைமுடியைக் கன்னங்கரேலென்று வரைந்து, போட்டோவில் நரைத்து வருவது இதனால்தான். தாளை மெதுவாகச் சுற்றிப் பார்த்து, பளபளப்பு மறையும் நிலையில் நிறுத்துங்கள். வெளிச்சத்தை மிகத் தாழ்வாகக் கொண்டுவந்தால் பளபளப்பு போகும், ஆனால் தாளின் சொரசொரப்பு குட்டிக் குட்டி நிழலாக எழும்பும். 45 டிகிரி என்பது இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில் இருக்கும் சமரசம். சார்கோலில் (கரித்துண்டில்) பளபளப்பு இல்லை, அதைப் படமெடுப்பது எளிது.

தாளைச் சுவரில் டேப்பால் ஒட்டிவிட்டால் போனை நேராகப் பிடிக்கலாம். மேசையில் வைத்து மேலிருந்து எடுக்கும்போதுதான் போன் சாய்ந்து, தாள் சரிவகமாகிறது. கேமராவில் கட்டக்கோடுகளை ஆன் செய்து, தாளின் நான்கு விளிம்புகளும் அவற்றுக்கு இணையாக வரும்வரை நகருங்கள். கிட்டே போக வேண்டாம். போனின் சாதாரண லென்ஸ் அகன்ற கோணம் உடையது, கிட்டத்தில் நேர்க்கோடுகள் வெளிப்பக்கமாக வீங்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். உங்கள் நிழலும் விழாது.

இனி வெளிச்ச அளவு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். திரை நிறைய வெள்ளைத் தாள் இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று அதுவாகக் குறைத்துவிடும். தாள் சாம்பல் பூப்பதன் காரணம் இதுதான். திரையில் தாளைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். எண் காட்டும் கேமராவில் +0.7 முதல் +1 வரை வைக்கலாம். இழுத்துக்கொண்டே போனால் மெல்லிய கோடுகள் கரையத் தொடங்கும் ஓர் இடம் வரும், அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். 2 வினாடி டைமர் வைத்தால் விரல் தட்டும் அசைவும் படத்தில் ஏறாது.

ஸ்கேனர் இருந்தால் மைக்கோட்டுப் படத்துக்கு அதுவே மேல். சாதாரணமாக 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பெரிதாக்கி அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் 600. ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480 × 3508 பிக்சல் வரும். தாளின் பின்பக்கத்திலும் வரைந்திருந்தால் முதுகுப்பக்கம் ஒரு கருப்புத் தாளை வைத்து மூடுங்கள், பின்னாலிருக்கும் கோடு ஊடுருவித் தெரியாது. தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பென்சில் சாயலை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடும். சார்கோலையும் பேஸ்டலையும் ஸ்கேனரில் கவிழ்க்கவே கூடாது. படமும் தேயும், கண்ணாடியும் பாழ்.

எடுத்தபின் ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். படத்தின் கருப்பு வெள்ளை அளவைச் சரிசெய்யும் லெவல்ஸ் ஒன்று போதும். அதைத் திறந்தால் மலைபோல் ஒரு வரைபடம் வரும், அதில் வலது ஓரம் தெரியும் பெரிய மேடுதான் உங்கள் தாள். வலது முக்கோணத்தை அந்த மேட்டின் வலது சரிவுவரை கொண்டுவாருங்கள். இடது முக்கோணத்தை வரைபடம் தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். தாளைப் பால்வெள்ளை ஆக்கியே தீருவேன் என்று இன்னும் இழுத்தால் கன்னத்தில் இருந்த மெல்லிய நிழல் போய் முகம் தட்டையாகும். தாள் கொஞ்சம் தாளாகவே தெரியட்டும். அசல் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுவிட்டு நிறுத்துங்கள்.

இந்த முழு அளவுக் கோப்பை பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவத்தில் தனியாக வையுங்கள். ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் உதிர்கிறது. வெளியே அனுப்ப, நீளப்பக்கம் 1500 முதல் 2000 பிக்சல் வரும் ஒரு பிரதி போதும். திரையில் தெளிவாக இருக்கும், யாரும் எடுத்துப் போஸ்டர் அடிக்க உதவாது. "இணையத்துக்கு 72 டிபிஐ வை" என்று யாராவது சொல்வார்கள். திரைக்கு டிபிஐ ஒரு பொருட்டே இல்லை, பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், மெல்லிய கோடுகள் மங்கும். நுணுக்கம் பார்க்க வேண்டியவருக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள். ஆனால் போன் கேமராவில் இருப்பிடம் ஆன் ஆகியிருந்தால் படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு இருக்கும். டாக்குமென்டாக அனுப்பும்போது அதுவும் கூடவே போகும். வீட்டில் எடுத்த படம் என்றால் உங்கள் வீட்டு முகவரியை அனுப்புவதும் அதுவும் ஒன்றுதான். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள்.

பெயரும் உரிமையும்

கையெழுத்தைத் தாளின் ஓரத்தில் போட்டால் ஒரு வெட்டில் போய்விடும். உருவத்தை ஒட்டி, ஆடை மடிப்பின் ஓரத்திலோ தரை நிழலின் விளிம்பிலோ சிறிதாக, படிக்கும்படி போடுங்கள். முகத்தின் குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போடுவது திருடுபவருக்குத் தொல்லையோ இல்லையோ, பார்ப்பவருக்குத் தொல்லை. தாளின் பின்னால் பென்சிலால் தேதி எழுதிவையுங்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அது யார் எடுத்தது என்று சொல்லுங்கள். டிரேஸ் செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் டிரேஸ் செய்வது பாவமில்லை. மறைத்து வைத்து, யாரோ ஒருவர் மூலப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டும்போதுதான் மானம் போகிறது. 1886இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், ஓவியத்துக்குப் பதிவு எதுவும் செய்யாமலே பதிப்புரிமை வந்துவிடுகிறது. வரைந்தவரின் ஆயுளும் அதற்குமேல் குறைந்தது 50 ஆண்டும் அது நிற்கும். உங்கள் படத்துக்கு உரிமை இருப்பதுபோல் நீங்கள் பார்த்து வரைந்த புகைப்படத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்பதை மறக்க வேண்டாம். பயிற்சிக்கு வரைவது வேறு, அதை விற்பது வேறு. (இதைக் காப்புரிமை என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல் புதுக் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் வழங்குவதால் புகார் எழுதும்போது குழப்பும், பதிப்புரிமை என்றே எழுதுங்கள்.)

தெரிந்தவர் முகத்தை வரைந்திருந்தால் ஊருக்குக் காட்டுமுன் அவரிடம் காட்டிக் கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம்.

யாரிடம், என்ன கேட்டு

வீட்டில் இருப்பவர்கள் ரசிகர்கள். அவர்களிடம் மகிழ்ச்சிக்காகக் காட்டுங்கள், குறை கண்டுபிடிப்பதற்காக அல்ல. குறை கேட்க இரண்டு பேர் போதும்: வரையத் தெரிந்த ஒருவர், வரையவே தெரியாமல் ஆனால் எதையும் கூர்ந்து பார்க்கும் ஒருவர். வரையத் தெரியாதவர் எந்த இடம் உறுத்துகிறது என்று சரியாகச் சொல்வார். ஏன் உறுத்துகிறது என்று வரையத் தெரிந்தவர் சொல்வார். ஒருவரிடம் மற்றவருடைய வேலையைக் கேட்டால்தான் குழப்பம்.

நேரில் காட்டும்போது, ஸ்கெட்ச்புக்கில் காட்ட விரும்பாத பக்கங்களை ஒரு கிளிப்பால் சேர்த்துப் பிடித்துவிடுங்கள். யார் கையில் கொடுத்தாலும் புரட்டத்தான் செய்வார்கள். சார்கோல் படமானால், பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே அடித்துவிட்டுக் கொடுங்கள். திறந்த வெளியில், 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. ஒரே தடவையில் கொட்டி அடித்தால் ஈரப்புள்ளி விழும். அடித்தபின் சாயல் ஒரு படி கருக்கும் என்பதால் ஓரத்துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். ஃபிக்ஸடிவ் அடிக்காமல் கொடுத்தால் விமர்சனத்தோடு கைரேகையும் படத்தில் ஏறும்.

கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து எண்ணுங்கள். அவர் கண் முதலில் எங்கே போகிறது, எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நீங்கள் உழைத்த முகத்தை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே கருப்பும் வெள்ளையும் முகத்தில் இருப்பதைவிட அழுத்தமாக மோதுகின்றன. அவர் வாய் திறக்கும் முன்பே உங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

"சும்மா கிறுக்கினது, சிரிக்காதீங்க" என்ற முன்னுரையை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டவர் உங்களைத் தேற்றத் தொடங்குவார், படத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

"எப்படி இருக்கு?" என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு மரியாதையான பதில் கிடையாது. விரல் வைத்துக் காட்டும்படி கேளுங்கள்: "கழுத்து தோள்மேல உட்கார்ந்திருக்கா, முன்னால தள்ளிட்டு நிக்குதா?" "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியுதா?" "இவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?" கடைசிக் கேள்வி மிகவும் பயன்படும். இருபது வயதுப் பெண்ணை வரைந்து "நாற்பது" என்று பதில் வந்தால், மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டையோ கண்ணுக்குக் கீழுள்ள நிழலையோ அழுத்திவிட்டிருக்கிறீர்கள்.

எழுதிக் காட்டுவதானால் நாலு வரி போதும்: "ஏ4 தாள், 2பி முதல் 6பி வரை, சுமார் 4 மணி நேரம். நானே எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது, அதையும் கூட வைத்திருக்கிறேன். வலது கை தோளோடு ஒட்டாததுபோல் இருக்கிறது. எங்கே பிசகு?" பார்த்து வரைந்த படத்தைக் கூட வைக்காவிட்டால் பார்ப்பவர்கள் ஊகத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

சொன்னதைப் பிரித்துப் பார்ப்பது

வரும் பேச்சு எதுவானாலும் அதற்கு ஒரே சோதனைதான்: அதைக் கேட்டபின் தாளில் ஓர் இடத்தில் விரல் வைக்க முடிகிறதா? "இடது காது கீழே இறங்கியிருக்கு" என்றால் வைக்க முடியும். "உயிர் இல்லை" என்றால் முடியாது. முடியாததை உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. "எந்த இடத்துல அப்படித் தோணுது?" என்று ஒரு தடவை கேளுங்கள். இடம் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பேச்சு அவர் மனநிலையைப் பற்றியது.

இடத்தைச் சொல்வதில் பார்ப்பவர்கள் அநேகமாகச் சரியாகவே இருப்பார்கள். வைத்தியம் சொல்வதில்தான் பிசகுவார்கள். ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். நேராகப் பார்க்கும் ஒரு பெரியவரின் முகத்தை வரைந்திருக்கிறீர்கள். "கண்ணு ரொம்பப் பெருசா இருக்கு, சின்னதாக்கு" என்று வந்தது. ரப்பரை எடுக்காதீர்கள். படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து மூன்று கோடு போடுங்கள்: உச்சந்தலையில் ஒன்று (முடியின் தடிமனைக் கழித்து, மண்டை முடியும் இடம்), முகவாயின் அடியில் ஒன்று, இரு கண்களின் வழியாக ஒன்று. நேராகப் பார்க்கும் வளர்ந்தவர் தலையில் கண்கோடு ஏறக்குறையச் சரிபாதியில் வரும். புதியவர்கள் அதை எப்போதும் மேலே தூக்கிவிடுவார்கள், ஏனென்றால் நம் கவனமெல்லாம் கண், மூக்கு, வாயில்தான் இருக்கிறது. நெற்றிக்கு மேலே இருக்கும் மண்டையை மறந்துவிடுகிறோம்.

இப்போது அளந்து பாருங்கள். உச்சியிலிருந்து கண்கோடு 6.5 செ.மீ., கண்கோட்டிலிருந்து முகவாய் 9.5 செ.மீ. என்று வருகிறது. மொத்தம் 16. கீழ்ப்பாதி 9.5 என்றால் மேல்பாதியும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும், அதாவது மண்டையில் 3 செ.மீ. குறைகிறது. அடுத்து அகலம். தலையின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம், இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண் அகலம். அது சரியாக இருந்தால் கண் பெரிதில்லை, மண்டை சிறிது. டிரேசிங் பேப்பரிலேயே உச்சியை 3 செ.மீ. உயர்த்தி வரைந்து, அதே ஆளிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். "ஆங், இப்ப கண்ணு சரியாயிடுச்சு" என்றால் கண்ணைத் தொடாமலே கண்ணைச் சரிசெய்துவிட்டீர்கள். அவர் சொல்படி கண்ணைச் சிறிதாக்கியிருந்தால் நன்றாக இருந்த ஓர் உறுப்பும் கெட்டிருக்கும்.

இந்தப் பாதிக் கணக்கு, முகம் குனிந்தோ நிமிர்ந்தோ இருந்தால் செல்லாது. குழந்தைகளுக்குக் கண்கோடு பாதிக்கும் கீழேதான் இருக்கும்.

ஒருவர் சொன்ன குறைக்காகப் படத்தைத் திருத்தாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர் ஒரே இடத்தில் விரல் வைத்தால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் மூன்று விதமாக இருந்தாலும் சரி.

"கலர் அடிச்சிருக்கலாமே", "பின்னாடி மரம் போட்டிருக்கலாமே" என்பதெல்லாம் அவர்கள் வரைய விரும்பும் படம். கேட்டுக்கொள்ளலாம், கடன் இல்லை. "போட்டோ மாதிரியே இருக்கு" என்பதை வரையாதவர் சொன்னால் உச்சப் பாராட்டு. வரைபவர் சொன்னால் சில சமயம் குறை. எதுவென்று குரலில் தெரியும், எழுத்தில் தெரியாது. பாராட்டுக்கு "நன்றி" என்ற ஒரு சொல் போதும். "இல்லைங்க, மூக்கு சரியா வரல" என்று நீங்களே காட்டிக்கொடுத்தால், அதுவரை நன்றாகத் தெரிந்த மூக்கு அவருக்கும் கோணலாகத் தெரியத் தொடங்கும்.

வலிக்கும்படி ஏதாவது வந்தால் அன்றைக்குப் பதில் எழுத வேண்டாம். மறுநாளும் பதில் எழுதத் தோன்றினால் ஒரே ஒரு வரி: "பார்த்தேன், அடுத்ததில் கவனிக்கிறேன்." அதன்பின் அவர் தொடர்ந்தாலும் நீங்கள் தொடராதீர்கள். படத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தை, உடலை, குடும்பத்தைப் பேசினால் பதிலே வேண்டாம். நீக்குங்கள், தடை செய்யுங்கள், அதை அறிவித்துக்கொண்டிருக்காதீர்கள். அவருக்கு வேண்டியது அந்த அறிவிப்புதான்.

யாரும் ஒன்றும் சொல்லாதபோது

இதுதான் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமானது. ஆனால் மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: காட்டிய நேரத்தில் ஆள் இல்லை, சிறிய அளவில் பார்த்தபோது படம் புரியவில்லை, நீங்கள் எதையும் கேட்கவில்லை, அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிரபல முகத்தை வரைந்தால் விருப்பக்குறி குவியும், நீர்க்குடத்தை வரைந்தால் குவியாது. குடத்தின் வளைவைச் சரியாகப் பிடிப்பது முகத்துக்குக் குறைந்த வேலையில்லை என்பது வரைந்தவருக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் ஏமாந்துபோய்ப் படத்தை எடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் இருக்கட்டும். பிறகு, வாய் திறப்பார் என்று தெரிந்த ஒருவரிடம் தனியாக ஒரு கேள்வியோடு அனுப்புங்கள்.

"எனக்கு ஒண்ணு வரைஞ்சு கொடு"

நாலு படம் காட்டியதும் இது வரும். நெருங்கியவருக்கு அன்பாக வரைந்து கொடுங்கள், அதில் கணக்கு வேண்டாம். மற்றவர்களுக்கு "இப்போ நேரம் இல்லை" என்று சொன்னால் அடுத்த மாதமும் கேட்பார்கள். "இப்போ பயிற்சிக்கு மட்டும்தான் வரையறேன்" என்று சொல்லுங்கள். பணம் வாங்கி வரைவதாக இருந்தால் தொடங்குமுன் எழுத்தில் இருக்க வேண்டியவை: தாளின் அளவு, எத்தனை முகம், எந்தப் புகைப்படத்தைப் பார்த்து, எந்தத் தேதிக்குள், பாதி முன்பணம், பென்சில் நிலையில் இரண்டு முறை மட்டும் திருத்தம். மையிட்டபின் திருத்தம் கிடையாது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். தகராறு அங்கேதான் வரும். மங்கலான, முகம் நகத்தளவுக்குத் தெரியும் குழுப் புகைப்படத்தைக் கொடுத்தால் வேறு கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாத சாயலை உங்களால் வரவழைக்க முடியாது, ஆனால் பழி உங்கள்மேல்தான் விழும்.

"நீ வரைந்ததா இது?"

கணினியே படம் போட்டுத்தரும் காலத்தில் இந்தச் சந்தேகம் நன்றாக வரைபவர்கள்மேலும் வருகிறது. வாதாடிப் பயனில்லை. வரையும்போதே நாலைந்து இடத்தில் நிறுத்திப் படமெடுத்து வையுங்கள்: முதல் அளவுக்கோடுகள், அவுட்லைன், பாதி ஷேடிங், முடிவு. தவறாகப் போட்டு அழித்த கோடு தெரியும் படம் இருந்தால் அதுதான் வலுவான சாட்சி. கேட்டால் அதைக் காட்டிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

இதே படங்கள், யாராவது உங்கள் ஓவியத்தைத் தன் பெயரில் போட்டுக்கொண்டாலும் உதவும். முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேட்டபின் எடுக்கப் போனால் அது அங்கே இருக்காது. பிறகு சுருக்கமாக, கோபமில்லாமல் எழுதுங்கள்: "இது நான் வரைந்தது. பெயர் போடுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்." பலர் இதிலேயே எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் மூல இணைப்பையும் இடைநிலைப் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள். நண்பர்களைத் திரட்டி அங்கே சண்டைக்கு அனுப்பினால் புகார் பலவீனப்படும், அவருக்குப் பார்வையாளர்களும் கூடுவார்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எந்தப் படம், எந்த இடத்தைச் சொன்னார்கள், அளந்து பார்த்தபோது என்ன தெரிந்தது என்ற நான்கு மட்டும், பக்கத்தைக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்து எழுதினால் போதும். யார் சொன்னது என்று எழுத வேண்டாம், படிக்கும்போது ஆள்மேல் புத்தி போகும். மூன்று மாதம் கழித்து மூன்றாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். அதில் "கை" என்ற சொல் ஆறு தடவை வந்திருந்தால் அடுத்த மாதம் முழுக்க வரைய வேண்டியது கைதான்.